விரலை விட்டு வராத மோதிரம்

ஜூன் 4, 2018, திங்கள்

இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பாம். டாக்டர் திரையில் என் நெஞ்சுக்குள் ஓடும் குழாய்களைக் காட்டி, வாய்க்காலில் மண் சரிந்ததைப் பார்வையிட வந்த அதிகாரி மாதிரி விளக்கினார். பைபாஸ் செய்துதான் ஆக வேண்டும், தள்ளிப் போடாதீர்கள், எந்த நேரமும் எதுவும் ஆகலாம் என்றார். செய்துவிடலாம் டாக்டர் என்று நானும் வீராப்பாகச் சொன்னேன். என் மனைவி கௌரி ஃபைலை மடியில் வைத்து மூடினாள். கடுகு தாளிப்பதிலிருந்து கவர்னர் நியமனம் வரை எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருப்பவள் அவள். இதற்கு மட்டும் அவளிடம் கருத்து இல்லை.

அறுவைச் சிகிச்சைக்கு வரும்போது உடம்பில் நகை, கயிறு, மோதிரம் எதுவும் இருக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னாள். என் வலது கையைப் பார்த்து, "இதக் கழட்டிடுங்க தாத்தா" என்றாள். தாத்தா என்றது பிடிக்கவில்லை. இழுத்துப் பார்த்தேன். விரல் மூட்டு வீங்கிக் கிடக்கிறது, மோதிரம் நகரவில்லை. கை வீங்கினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், வராவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றாள். வாழைத்தார் வெட்டுகிற மாதிரி சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்த நேரம் சிறுவாணித் தண்ணீர் வந்தது. குடத்தைத் தூக்கப் போனேன். கௌரி பிடுங்கிக்கொண்டாள்.

ஜூன் 6, புதன்

சோப்பு போட்டுப் பார்த்தாயிற்று. தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், ஐஸ் தண்ணீர் எல்லாம் பார்த்தாயிற்று. கடையை இப்போது கவனித்துக்கொள்ளும் மகள் சுகந்தி, போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து விரலில் நூலைச் சுற்றி உருவினாள். விரல் பீட்ரூட் நிறத்துக்கு வந்ததுதான் மிச்சம்.

இந்த மோதிரத்தைப் பற்றி எழுதி வைக்கிறேன். பின்னால் யாராவது படித்தாலும் படிக்கலாம்.

நான் ஃப்ரீமேசன். எங்கள் சங்கத்தின் அடையாளம் ஒரு மூலைமட்டமும், அதன்மேல் கால் விரித்து நிற்கும் ஒரு கவராயமும். நடுவில் ஜி என்ற ஆங்கில எழுத்து. நடத்தை மூலைமட்டம் வைத்ததுபோல நேராக இருக்க வேண்டும், ஆசைகள் கவராயம் போட்ட வட்டத்துக்குள் நிற்க வேண்டும் என்று அர்த்தம். நஞ்சப்பா ரோட்டில் நான் வைத்திருந்ததோ அளவுக் கருவிகள் விற்கும் கடை. வெர்னியர், மைக்ரோமீட்டர், மூலைமட்டம், கவராயம் எல்லாம் கண்ணாடி அலமாரியில் இருக்கும். வந்தவனெல்லாம் மோதிரத்தைப் பார்த்து, விளம்பரத்தைக் கையிலேயே போட்டுக்கொண்டீர்களா என்று கேட்பான். சொந்தக்காரர்கள் இன்னும் ஒரு படி மேல். பெண்டாட்டி பேரின் முதல் எழுத்தை மோதிரத்தில் போட்டிருக்கிறான் நாச்சிமுத்து என்று ஊரெல்லாம் பேச்சு. கௌரி அதை மறுக்கவே இல்லை. நானும் மறுக்கவில்லை.

சங்கம் கூடும் இடத்துக்கு லாட்ஜ் என்று பெயர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கோட்டு போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு லாட்ஜுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். என் மாமியார் முகம் போன போக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

ஜூன் 7, வியாழன்

ராஜ வீதி ஆசாரியிடம் சுகந்தி கூட்டிப் போனாள். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அடியில் ஒரு வெட்டு, பிறகு பற்றவைத்து மெருகு போட்டால் தடமே தெரியாது என்றார். அஞ்சு நிமிஷ வேலை என்று ரம்பத்தைக் கையில் எடுத்தும்விட்டார். நான் அவசரமாக ஒரு வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்துவிட்டேன்.

வரும் வழியில் சுகந்தி என்ன வேலை என்று கேட்டாள். பால் கார்டு வாங்க வேண்டும் என்றேன். பால் கார்டு நேற்றே வாங்கியாயிற்று.

ஜூன் 10, ஞாயிறு

நாள் முழுக்க மேகம். முருங்கையில் கம்பளிப்பூச்சி. கௌரி துடைப்பத்தில் துணி சுற்றிக் கொளுத்தினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து யோசனை சொன்னேன்.

பீரோவிலிருந்து கோட்டை எடுத்து வெயிலில் போடலாம் என்று பார்த்தால் வெயிலே இல்லை. காலர் மடிப்பில் சங்கத்தின் உலோகப் பின் அப்படியே குத்தியிருக்கிறது, சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், அதிலும் அதே கவராயமும் மூலைமட்டமும். சுகந்தி கல்யாணத்தன்று மண்டபத்தில் ஆயிரம் வேலைக்கு நடுவில் கௌரி இதை எனக்குக் குத்திவிட்டாள். "நேரா இருக்குதுங்களா?" என்று கேட்டு இரண்டு முறை சரிசெய்தாள். அது என்ன சங்கம், உள்ளே என்ன செய்கிறோம் என்று எதுவுமே அவளுக்குத் தெரியாது. நேராக இருக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

அன்றைக்கு அவள் அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். நான் அழகாக இருக்கிறாய் என்று சொல்ல நினைத்தேன். பந்திக்கு ஆள் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜூன் 13, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து தேதி கேட்டு போன். குளிக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

சாயங்காலம் மறுபடி போன். மறுபடி குளித்தேன். கௌரி போனை வைத்துவிட்டு, இப்படிக் குளித்தால் சிறுவாணி அணை தாங்காது என்றாள்.

ஜூன் 14, வியாழன்

சுகந்தியோடு சண்டை. ஒரு மோதிரத்துக்காக உயிரை வைத்து விளையாடுகிறீர்கள் என்றாள். நான் பெங்களூர்க் கதையைச் சொன்னேன். அவளுக்கு மனப்பாடம், ஆனாலும் சொன்னேன்.

தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம். சரக்கு வாங்கப் போன நான் அவென்யூ ரோட்டில் மாட்டிக்கொண்டேன். தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்துகொண்டிருந்தன. வாயைத் திறந்தால் தொலைந்தேன். பாதி ஷட்டர் இறக்கியிருந்த ஒரு புத்தகக் கடை வாசலில் ஒதுங்கினேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். மோதிரத்தைத் தொட்டுவிட்டு, பேசாமல் என்னை உள்ளே இழுத்து ஷட்டரை இறக்கிவிட்டார். இரண்டு நாள் அவர் வீட்டு ராகிக் களி உருண்டையும், சாறு என்று அவர்கள் சொல்லும் குழம்பும்தான் சாப்பாடு. அவருக்கும் அதே மோதிரம் இருந்தது. உலகத்தில் எங்கே போனாலும் இதைப் பார்த்து ஒரு கை நீளும் என்று சங்கத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது பொய்யில்லை.

"அந்த ஆளு நல்லவருப்பா. நீங்க வெறுங்கையோட போயிருந்தாலும் உள்ள கூப்பிட்டிருப்பாரு" என்றாள் சுகந்தி.

இருக்கலாம். அதற்காக வெட்டிவிட முடியுமா?

ஜூன் 16, சனி

ரம்ஜான். வழக்கம்போல ஜமீலா அக்கா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. கௌரி எனக்கு இரண்டு கரண்டிதான் வைத்தாள்.

அக்காவின் வீட்டுக்காரர் ஹபீப் அண்ணன் மேட்டுப்பாளையம் ரோட்டில் மரக்கடை வைத்திருந்தார். என்னைச் சங்கத்துக்குள் கூட்டிப்போனவர் அவர்தான். அங்கே போனால் ஜாதி, மதம், கட்சி மூன்றையும் வாசலில் விட்டுவிட வேண்டும். மில் முதலாளியும் பள்ளிக்கூட வாத்தியாரும் ஒரே வரிசையில் உட்காருவோம். விட்டால் வாய் ஓயாதவன் நான், அங்கே அரசியல் பேச முடியாமல் ஆரம்பத்தில் திணறிப் போனேன். வெளியே வந்ததும் அண்ணனின் அம்பாசிடரில் ஏறி வீடு வந்து சேரும்வரை பேசித் தீர்ப்பேன். அவர் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே கேட்பார். அந்த சனிக்கிழமைகள் மாதிரி இனி வராது.

மூன்றாம் படி ஏறி முழு மேசன் ஆன அன்று இந்த மோதிரத்தை அவரே என் விரலில் போட்டார். கவராயத்தின் முனைகள் ஊரைப் பார்த்து இருக்கும்படி நான் திருப்பினேன். அவர் கழற்றி, முனைகள் என்னைப் பார்க்கும்படி மாட்டிவிட்டார். அப்படி மாட்டினால் எதிரில் இருப்பவனுக்குத் தலைகீழாகத்தானே தெரியும் என்றேன். "எதிர்ல இருக்கறவன் படிக்கறதுக்கு இல்ல மாப்ள. இது நீ படிக்கறதுக்கு" என்றார். வேறு லாட்ஜ்களில் வேறு மாதிரி சொல்வார்கள். எனக்கு அவர் சொன்னதுதான்.

இதே ஆபரேஷனுக்குத்தான் அவரும் போனார். ஸ்ட்ரெச்சரில் போகும்போது அவர் மோதிரத்தைக் கழற்றி ஜமீலா அக்கா கையில் கொடுத்து, வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். சாயங்காலம்வரை அக்கா அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் கௌரியும் பக்கத்தில் இருந்தோம்.

பிரியாணியில் உப்பு கொஞ்சம் தூக்கல். நாளைக்கு கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

ஜூன் 18, திங்கள்

காலையிலிருந்து சாரல், குளிர்காற்று. டேங்கில் தண்ணீர் ஏறிவிட்டதா என்று பார்க்க மாடிக்குப் போனேன். பாதிப் படியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டேன். வெயில் அதிகம்.

கௌரி மேலே வந்து பார்த்துவிட்டாள். நாக்கடியில் மாத்திரை வைத்தாள். பக்கத்துப் படியிலேயே உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்க போயிட்டா இந்த வீட்ல நான் யாருகூடங்க சண்டை போடறது?"

டேங்க் நிரம்பிவிட்டதா பார் என்றேன்.

ஜூன் 19, செவ்வாய்

மயக்க மருந்து டாக்டர் முன்கூட்டியே ஒரு முறை பார்க்க வேண்டுமாம். நேற்றுப் படியில் நடந்ததைக் கேட்ட சுகந்தி காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் எஸ்தர், சுகந்தி வயதுதான் இருக்கும். வெள்ளைக் கோட்டின் காலரில் சின்னதாக ஒரு பின். பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கவராயமும் மூலைமட்டமும்! எங்கள் லாட்ஜில் பெண்கள் உறுப்பினர் கிடையாது. ஏதோ ஃபேன்ஸி கடையில் வாங்கிக் குத்திக்கொண்டாள் என்றே நினைத்தேன். ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டச் சொன்னாள். நான் கையை நீட்டாமல், அந்தப் பின்னைக் கண்டவர்கள் போடக் கூடாது, அதற்கென்று சிலதை ஏற்றுக்கொண்டவர்கள்தான் போடலாம் என்று சொல்லிவிட்டேன். சுகந்தி என் முதுகில் கிள்ளினாள்.

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. அது அவள் அப்பாவுடையதாம். குன்னூரில் டீ ஃபேக்டரி மேனேஜராக இருந்தவர், அங்கே லாட்ஜில் தலைவர் பதவி வரை இருந்தவர். அவர் இறந்த பிறகு லாட்ஜிலிருந்து வந்து பின்னைத் திருப்பிக் கேட்டார்களாம், அவள் அம்மா கொடுக்கவில்லையாம். முக்கியமான கேஸ் இருக்கும் நாட்களில் மட்டும் குத்திக்கொண்டு வருவாளாம். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போது கோட்டோடு வெளியே மாட்டிவிடுவாளாம். விதிப்படி திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும் என்றேன், ஆனால் என் குரலில் முதலில் இருந்த சூடு இல்லை.

என் விரலைப் பார்த்து, முனை உங்க பக்கம் பார்த்து இருக்கு, எங்கப்பாவும் அப்படித்தான் போடுவார் என்றாள். மோதிரம் வர மாட்டேன் என்கிறது, அதனால்தான் தாமதம் என்று விளக்கினேன். கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"உள்ள என்ன நடந்துச்சுன்னு அப்பா கடைசி வரைக்கும் எங்ககிட்ட சொன்னதில்ல சார். ஒண்ணே ஒண்ணுதான் சொல்லியிருக்கார். சேர்ந்த அன்னைக்கு வாட்ச், மோதிரம், பாக்கெட்ல இருந்த சில்லறை, உடம்புல ஒரு பொட்டு உலோகம் இல்லாம எல்லாத்தையும் வாங்கிட்டு, கண்ணைக் கட்டித்தான் உள்ள கூட்டிட்டுப் போனாங்களாம். நீங்களும் அப்படித்தானே போயிருப்பீங்க?"

அதைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி இல்லை என்றேன்.

"பேச வேண்டாம். கூட்டிட்டுப் போனவர் பாதியில கைய விட்டாரா? அத மட்டும் சொல்லுங்க."

"விடல."

"ஆபரேஷன் அன்னைக்கு உங்க தலைமாட்டுல உக்காந்திருக்கப் போறது நான். நானும் விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றினாள். நூற்று எழுபது இருந்தது. கோபத்தில் ஏறியது என்று சுகந்தியிடம் சொன்னேன்.

ஜூன் 20, புதன்

அந்தப் பெண் கிளறிவிட்டுவிட்டாள். நேற்றிலிருந்து அதே நினைப்பு.

உள்ளே நடந்ததை எழுத மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாசலில் நடந்ததை எழுதலாம். எண்பத்து மூன்று, மார்கழி. பக்கத்து அறையில் அண்ணன் என் வாட்சை வாங்கினார், கல்யாண மோதிரத்தை வாங்கினார், பேனாவை வாங்கினார். இன்னும் ஏதாவது இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். வேட்டியை இறுக்கும்போதுதான் நினைவு வந்தது, இடுப்பில் வெள்ளி அரைஞாண்! நம்மில் யாராவது அதைக் கழற்றியிருக்கிறோமா? அது உடம்பிலேயே சேர்ந்தது என்றுதான் நினைப்பு. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். திருகு துருப்பிடித்தது போல இறுகிக் கிடந்தது. உள்ளே கோட்டு போட்ட பெரிய மனிதர்கள் எல்லாம் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் ஓடிப்போய் அம்பாசிடர் டிக்கியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துவந்தார்.

நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அம்மா போட்டுவிட்டது அண்ணா, வெட்டினால் ஏதாவது ஆகிவிடும் என்றேன். முப்பத்தாறு வயது ஆம்பளை, சின்னப் பையன் மாதிரி நின்றேன். அண்ணன் சிரிக்கவில்லை. "இத்துனூண்டு கம்பிக்குப் பயந்து வாசல்லயே நின்னா எப்படி மாப்ள? வா, நான் இருக்கேன்ல" என்றார். டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் நான் நன்றாக வாழ்ந்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதுவரை இந்த நோட்டில் கூட எழுதாமல் வைத்திருந்தேன். மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் போனால் அண்ணன் மாதிரி நானும் திரும்பி வராமல் போய்விடுவேன் என்று பயம்.

ஜூன் 21, வியாழன்

ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்தேன். திங்கட்கிழமை காலை.

ஜூன் 24, ஞாயிறு

ஆசாரியை வீட்டுக்கே வரச் சொன்னோம். சமையலறை மேஜையில் துண்டை விரித்துக் கையை வைத்தேன். கௌரி அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள், அடுப்பில் ஒன்றும் இல்லை. சின்ன ரம்பம் கிர் கிர் என்று ஓடியது. கடைசியில் இரண்டு குறடு வைத்து விரித்து எடுத்தார். விரல் இடுப்பு சிறுத்து, வெளுத்துப் போய், என் விரல் மாதிரியே இல்லை.

ராத்திரிச் சாப்பாடு அரிசியும் பருப்புஞ்சாதம். நெய் கேட்டேன். தரவில்லை. திங்கட்கிழமை கழித்துத் தருகிறேன் என்றாள்.

ஜூன் 25, திங்கள்

இன்னும் சற்று நேரத்தில் கூட்டிப்போக வருவார்கள். நோட்டை சுகந்தியிடம் கொடுத்துவிட வேண்டும்.

பிளந்த மோதிரத்தைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தேன். விதிப்படி லாட்ஜுக்குத்தான் போக வேண்டும். எந்த விதி? கௌரியைப் பக்கத்தில் கூப்பிட்டு, நீ வைத்துக்கொள், வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று நீட்டினேன். சொன்ன பிறகுதான் யார் சொன்ன வார்த்தை அது என்று உறைத்தது.

அவளுக்கும் உறைத்துவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனாள்.

"எங்கிட்டக் குடுக்காதீங்க. ஜமீலா அக்கா வாங்கி வெச்சுட்டு உக்காந்திருந்தத நான் பக்கத்துல இருந்து பாத்தனுங்க. எனக்கு மோதரம் வேண்டாம். அது போட்டிருந்த கையி வரோணும்."

இத்தனை நாளாக அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டு, எனக்குத் தெரியக் கூடாது என்று முருங்கைக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டிருந்திருக்கிறாள். கைக்குட்டையைச் சுகந்தி வாங்கி, கார் சாவியும் பிஸ்கட் பாக்கெட்டும் கிடக்கும் அவள் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் எஸ்தர் கதவருகில் வந்து நிற்கிறாள்.

ஜூலை 3, செவ்வாய்

வார்டுக்கு மாற்றி மூன்று நாள் ஆயிற்று. தும்மினால் நெஞ்சு பிளக்கிறது. இட்லி ரப்பர் மாதிரி இருக்கிறது. மோதிரத்தைப் பற்றவைக்க ஆசாரியிடம் கொடுக்கட்டுமா என்று சுகந்தி கேட்டாள். அவசரமில்லை என்றேன்.

கௌரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. அழகாக இருக்கிறாள். எழுந்ததும் சொல்ல வேண்டும். என் வலது கையின் அந்த வெளுத்த விரலைப் பிடித்துக்கொண்டே தூங்கிப் போனாள். உருவப் பார்த்தேன், தூக்கத்திலும் விட மாட்டேன் என்கிறாள். அதனால் இதை இடது கையால் கிறுக்கிக்கொண்டிருக்கிறேன்.